உங்க வாட்ச் ஒரிஜினலா டூப்ளிகேட்டா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

காரைக்குடிக்காரன்:
அப்பா குவைத்லேர்ந்து வந்தப்ப கையில கட்டிட்டு வந்த ராடோ டயாஸ்டார். அவர் போனதுக்கப்புறம் பீரோவுலயே கிடந்துச்சு. செயின்ல பின் கழண்டிருந்ததால டவுன்ல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனோம். கவுன்டர்ல இருந்தவர் வாட்சை இப்படியும் அப்படியும் சாய்ச்சுப் பார்த்தார். "டயல் மேல இருக்குற நங்கூரச் சின்னம் அசையவே இல்லையே தம்பி, டூப்ளிகேட் இது. வேணும்னா ஐநூறு ரூபாய்க்கு நானே எடுத்துக்கறேன்"னார். அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஒரு வார்த்தை பேசல. வாட்சை வாங்கி முந்தானையில துடைச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. முப்பது வருஷமா அப்பா சொன்னதை நம்பின மனுஷி.

அப்புறம் ஒரு வயசான மெக்கானிக் பின்மூடியைத் திறந்து காட்டினார். முன்னும் பின்னும் ஆடுற பேலன்ஸ் வீலுக்கு அடியில, ராடோவுக்கு மெஷின் செய்ற சுவிஸ் கம்பெனி இ.டி.ஏ-வோட முத்திரை, 2789னு மெஷின் நம்பர். ஒரிஜினல்தான்னார். நங்கூரம் ஒரு சின்ன சிவப்புக் கல்லு மேல சுத்தும், எண்ணெய் காஞ்சா நின்னுடும், சர்வீஸ் பண்ண வேண்டிய நேரம்னு அர்த்தம்னு சொன்னார். சர்வீஸ் ஆன பிறகு நல்லா சுத்துது. அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாதா, தெரிஞ்சேதான் ஐநூறுன்னாரா? இன்னைக்கும் எனக்கு இது ஆறல.

துபாய் சேகர்:
அண்ணே, அம்மாவை நினைச்சா கஷ்டமா இருக்கு. ஆனா நங்கூரம் சுத்துதுன்னு மட்டும் யாரும் நம்பிடாதீங்க, காப்பியிலயும் சுத்தும். ஒரிஜினல் ராடோவுலயே பேட்டரி மாடல்னா அது அசையாது.

என்னோடது துபாய் கராமா மார்க்கெட் கதை. ரூம்மேட் ஒரு ரோலெக்ஸ் சப்மரீனர் வாங்கிட்டு வந்தான், ஒரிஜினல் மாதிரியே செஞ்ச ஃபர்ஸ்ட் காப்பி. கடையில தொங்குறது எல்லாம் வேற, பின்பக்கமா மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறது வேற, அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். சைட்ல ஒரு இன்ஜினியர்கிட்ட ஒரிஜினல் இருந்துச்சு. சாப்பாட்டு மேஜையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். தேதி மேல இருக்குற லென்ஸ் ரெண்டரை மடங்கு பெருசாக் காட்டணும்பாங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. எடையும் ஒண்ணுதான். கடைசியில இன்ஜினியர் போன் டார்ச்சை ஆறு மணிப் பக்கம் சரிச்சு அடிச்சார். அவரோட வாட்ச் கண்ணாடியில ரோலெக்ஸ் சின்னமான ஒரு குட்டிக் கிரீடம், ஊசி முனையால புள்ளி வச்சு வரைஞ்சாப்ல, ஒரு கோணத்துல மட்டும் தெரிஞ்சு மறைஞ்சுது. காப்பியில அதே கிரீடம் டார்ச் இல்லாமலே பளிச்னு தெரியுது. ரூம்மேட் அதோட சாப்பிடாம எழுந்து போயிட்டான். அவனுக்கு அது காப்பின்னே தெரியாது. ஊர்ல இருக்குற மச்சானுக்குன்னு, ஒரிஜினல்னு நம்பிக் கொடுத்த காசு.

மதுரை மெக்கானிக்:
சேகர் சொல்றது 2002 வாக்குல இருந்து வந்த ரோலெக்ஸ்களுக்குத்தான். அதுக்கு முந்தின கண்ணாடியில கிரீடம் இருக்காது. இல்லைன்னு போலி முத்திரை குத்திடாதீங்க.

என் அனுபவம் சின்னது. ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருத்தர் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் கொண்டு வந்தார். செகண்ட் முள் குதிச்சுக் குதிச்சுப் போகுது, ரோலெக்ஸ்னா வழுக்கிட்டுப் போகணுமேன்னு சொந்தக்காரங்க எல்லாம் கேலி பண்ணி அவரைக் கழட்ட வச்சிருக்காங்க. 1977லேர்ந்து 2001 வரைக்கும் ரோலெக்ஸே போட்ட பேட்டரி வாட்ச் சார் அது! மெஷினைத் திறந்து காட்டினதும் அங்கேயே எடுத்துக் கையில கட்டினார்.

இந்த முள் விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டணும். இப்போதைய ரோலெக்ஸ் மெஷின் பெரும்பாலும் மணிக்கு 28,800 துடிப்பு, செகண்டுக்கு எட்டு. இதே எட்டுத் துடிப்புல சீன மெஷினும் ஓடுது, ஜப்பான் மெஷினும் ஓடுது. முள்ளைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது. நான் பார்க்குற வரிசையைச் சொல்றேன். பழைய மாடல்னா செயினைக் கழட்டி ஆறு மணிப் பக்கம் செயின் மாட்டுற காதுகளுக்கு நடுவுல சீரியல் நம்பரைப் பார்ப்பேன். வெட்டின கோடு வெளிச்சத்துல மின்னணும். மணல் அடிச்ச மாதிரி சொரசொரன்னு இருந்தா சந்தேகம். புதுசுல நம்பர் கண்ணாடிக்கு உள்பக்க வளையத்துல இருக்கும். பின்னால கண்ணாடி மூடி இருந்தா முன்னெல்லாம் யோசிக்காம போலிம்போம், இப்போ 2023லேர்ந்து '1908'ங்குற மாடல்ல கம்பெனியே கண்ணாடி மூடி போடுது. டயல் எழுத்தைப் பத்து மடங்கு பெருசாக் காட்டுற லூப்ல (கண்ணுல வச்சுப் பார்க்குற லென்ஸ்) பாருங்க, ஓரம் பிசிறடிக்கக் கூடாது. இத்தனையும் பார்த்தாலும் மூடியைத் திறக்காம நான் ஆமான்னு சொல்ல மாட்டேன். ரோட்டோரம் மட்டும் திறக்கக் கொடுத்துடாதீங்க, ரப்பர் வளையம் நசுங்கினா தண்ணி உள்ள போயிடும்.

ரொறன்ரோ யாழ்ப்பாணத்தான்:
மெக்கானிக் அண்ணை, திறந்து பாத்தாலும் பிடிபடாத ஒண்டு இருக்கு. எங்கட மாமாவின்ர அறுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளையள் சேர்ந்து இணைய ஏலத்தில பழைய ஒமேகா சீமாஸ்டர் எடுத்துக் குடுத்தவை. உள்ளுக்குள்ள ஒமேகாவின்ர செம்பு நிற 565 இயந்திரம், ஒரிஜினல்தான். ஆனா டயல் நேற்று அடிச்ச பெயின்ற் மாதிரி. அண்டைக்கு இரவு லைற்றை நிப்பாட்டினவுடன நான் கண்டன்: முள்ளு ரெண்டும் இருட்டு, டயல் புள்ளியள் மட்டும் பச்சையா எரியுது. டயலின்ர அடியில சுவிஸ் எண்ட பேருக்கு ரெண்டு பக்கமும் டி எழுத்து. இருட்டில எரியுற ட்ரிடியம் எண்ட கதிரியக்கப் பூச்சுக்கான அடையாளம் அது. அதின்ர அரை ஆயுள், எண்டா பாதியாக் குறையிற காலம், 12 வருசம் சொச்சம், அறுபதுகளில பூசினது இப்ப எரிய ஏலாது. டயலுக்குத் திருப்பிப் பெயின்ற் அடிச்சு வித்திருக்கிறாங்கள். சேகரிக்கிற ஆக்கள் இதுக்கு மும்பை ஸ்பெஷல் எண்டு பேர் வச்சிருக்கினம். மாமாவுக்கு ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை.

கோவை வாசகி:
பெட்டி, வாரன்டி கார்டு, பில் இருந்தா போதும்னு யாராச்சும் எழுதுறதுக்கு முன்னாடி நான் எழுதிடறேன். தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்சுக்கு மூணுமே இருந்துச்சு. மாப்பிள்ளையோட அண்ணன் ஷோரூம்ல கொடுத்துப் பார்த்தப்ப கார்டும் சேர்த்துப் போலின்னுட்டாங்க. ஏமாத்தினது வித்தவன், தலைகுனிஞ்சு நின்னது எங்கப்பா.

மதுரை மெக்கானிக்:
யாழ்ப்பாணத் தம்பி, போலி வேற, கை வச்சது வேற. மெஷின் நல்லதுன்னா டயல் ஒண்ணு தேடிப் போட்டுடலாம். கண்ணாடி நடுவுல லூப் வச்சுப் பாருங்க, பழைய அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாத அளவுல ஒமேகா குறி இருந்தா அதுவாவது கம்பெனியோடது. மாமாகிட்ட அப்புறம் சொல்லுங்க, பிள்ளைங்ககிட்ட இன்னைக்கே சொல்லுங்க. ஏலத்துல புகார் கொடுக்கக் கெடு இருக்கும், இருட்டுல டயல் எரியுற போட்டோவோட இப்பவே எழுதச் சொல்லுங்க.