மேடை மல்யுத்தத்தில் விழுவதும் நடிப்புதானா?

செம்பூர்வாசி:
ஏழாம் வகுப்பு படிக்கும் என் மூத்த மகன், சென்ற ஞாயிற்றுக்கிழமை தன் தம்பியைத் தலைக்கு மேல் தூக்கி மெத்தையில் போட்டதில், சின்னவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. "எல்லாம் பொய்ச்சண்டைதானே அப்பா, அடி படாது என்று நினைத்தேன்" என்கிறான். டிரம்ப் கார்டு விளையாட்டுச் சீட்டுகளில் மேடை மல்யுத்த வீரர் அண்டர்டேக்கரின் உயரத்தையும் எடையையும் மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான் என்பதால், அவனை அதிகம் கடிந்துகொள்ளவும் முடியவில்லை. மேடை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே முடிவாகிவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். விழுவதும் அப்படித்தானா? இதை விளையாட்டு என்பதா, நாடகம் என்பதா?

தாலீம்காரன்:
லால்பாக் பக்கம் ஒரு தாலீமில், அதாவது குஸ்திப் பயிற்சிக் கூடத்தில், நான்கு ஆண்டுகள் குஸ்தி பழகிவிட்டு, பிறகு சில மாதங்கள் மேடை மல்யுத்தமும் கற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் மூன்று வாரங்கள் விழுவதைத் தவிர வேறெதையும் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தளத்தில் படுமாறு விழுந்து, இரு உள்ளங்கைகளாலும் தளத்தை அறைய வேண்டும். அப்போதுதான் விசை ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். கோதாவின் தளமோ மெத்தையன்று: இரும்புச் சட்டத்தின் மீது மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதற்கும் மேல் கேன்வாஸ், அவ்வளவுதான். அந்த நாட்களில் நான் குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன்.

எதிராளியைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்த்துப் போடும் சூப்ளெக்ஸ் பிடியில் தூக்குபவரின் பலம் பாதிதான். தூக்கப்படுபவர் சரியான நொடியில் தானே எம்பிக் கொடுக்க வேண்டும். தாலீமில் எதிராளி என்னை மண்ணில் சாய்க்கப் பார்த்தார். மேடையில் எதிராளி என் கழுத்தைக் காப்பாற்றப் பார்த்தார். உங்கள் சின்னவனுக்கு எம்பத் தெரியாது, பெரியவனுக்குக் காப்பாற்றத் தெரியாது.

ஒர்லி பெரியவர்:
தாராசிங் 1968இல் இதே பம்பாயில் அமெரிக்க மல்யுத்த வீரர் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றதை என் தந்தை சாகும்வரை பேசினார். அதெல்லாம் ஒப்பந்த ஆட்டம் என்று யாராவது சொன்னால், அன்று வீட்டில் சோறு இறங்காது. பின்னர் 1989இல், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலகுவதற்காக, மேடை மல்யுத்தம் நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே தங்களுடையது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒப்புக்கொண்டது. ஆகவே நாடகம் என்றே நான் சொல்வேன். துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்று தெரிந்தேதானே ஊரே விடிய விடியக் கூத்துப் பார்க்கிறது?

தாலீம்காரன்:
ஐயா, கூத்தில் துரியோதனன் பதினாறு அடி உயரத்திலிருந்து விழுவதில்லை. 1998இல் அண்டர்டேக்கர் தள்ளிவிட, மிக் ஃபோலி என்ற வீரர், கோதாவைச் சுற்றி அமைத்த, ஏறத்தாழ அந்த உயரமுள்ள கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசை மீது விழுந்தது திட்டமிட்டதுதான். ஆனால் மீண்டும் மேலே ஏறியவர், கூண்டின் கூரை பெயர்ந்து கோதாவுக்குள் விழுந்தது யாரும் எழுதி வைக்காத காட்சி. அதன் பிறகும் எழுந்து, முன்பே முடிவான தோல்வி வரை ஆடி முடித்தார். நாடகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உடலைப் பழக்கியது விளையாட்டு வீரனின் பயிற்சி.

செம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. மகனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால், தம்பிக்கு எம்பக் கற்றுக் கொடுத்துவிட்டால் போதுமா?" என்று கேட்கிறான். மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.