மர்வானின் முகங்களைப் போர் ஓவியம் என்று எழுதலாமா?

கேள்வி (யாழ்ப்பாணம்):
சிரிய ஓவியர் மர்வானைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். கன்வஸ் முழுக்க ஒரே முகம், கிட்டப் போனால் மண்ணிறமும் சிவப்புமான தீற்றல்கள்தான், கண் எது வாய் எது என்றே பிடிபடவில்லை. போர்தான் காரணமா?

பதில்:
இல்லை தங்கச்சி. 1934இல் டமஸ்கஸில் பிறந்து 1957இலேயே பெர்லினுக்குப் போனவர். அந்த முகங்களில் பெரும்பாலானவை 2011இல் தொடங்கிய சிரியப் போருக்கு எவ்வளவோ முந்தியவை. ஊரைப் பிரிந்தவரின் தனிமையாகப் பாருங்கள். எட்ட நின்றால் நெற்றி மலைச்சரிவாகத் தெரியும்.

இன்னொரு பதில்:
அண்ணை சொல்வது சரி, ஆனால் வெளியில் போனவரை மட்டும் பார்த்தால் போதாது. அலெப்போ ஓவியர் லுவாய் கய்யாலியையும் சேருங்கள். அவர் படங்களில் தெருவில் விற்கும் பிள்ளைகள், ஒருவரும் அழமாட்டார்கள், தடித்த கோடே அவ்வளவு பாரத்தையும் சுமக்கும்.

கேட்டவர்:
நன்றி. அப்ப முள்ளிவாய்க்காலோடு ஒப்பிடும் பந்தியை எடுத்துவிடவா?

பதில்:
எடுக்காதீர்கள், கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் பக்கங்கள் நிறத்தையும் கோட்டையும் பற்றியே இருக்கட்டும்.