றப்பர் கன்றின்ர வேர் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

வணக்கம். கேகாலையில இருந்து மச்சான் பையில வளர்ந்த 6 றப்பர் கன்று கொண்டுவந்து தந்தவர். யாழ்ப்பாணத்தில உரும்பிராயில எங்கட வளவில வைக்க யோசிக்கிறன். (பனை நிக்கிற ஊரில றப்பரோ எண்டு ஐயா சிரிக்கிறார்!)

ஒரு பையைக் கிழிச்சுப் பார்த்தா ஆணிவேர் அடியில சுருண்டு கிடக்கு. சுருண்டதை வெட்டிப்போட்டு நடலாமோ?

பெரிய பயம் நிலந்தான். செம்மண் 3 அடி, கீழ சுண்ணாம்புக்கல். ஆணிவேர் கல்லில முட்டினா, பக்கவேர் மட்டும் காத்துக்கு மரத்தைத் தாங்குமோ? றப்பர் அமில மண்ணில, வருசத்துக்கு 2000 மில்லிமீற்றர் மழையில வளருற மரம். இங்க மாரி போனா மழையே இல்லை. கோடையில எங்கட கிணத்துச் சுண்ணாம்புத் தண்ணியை இறைச்சா வேருக்கு ஒத்துவருமோ?

வன்னிப் பக்கம் வச்சுப் பார்த்தவை இருந்தா, குழி எவ்வளவு ஆழம் வெட்டினனீங்கள் எண்டும் சொல்லுங்கோ. மாரிக்கு முதல் நடவேணும்.