மூன்று நாள் கரண்ட் போதுமா?

கேள்வி (ரிட்டயர்டு கண்டக்டர்):
எனக்கு வயது 67. 2019-ல் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்து புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். நாலு வருடம் பி.எஸ்.ஏ. (நோய் திரும்புகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.1-க்குக் கீழேதான். போன தீபாவளிக்கு 0.3, இப்போது 1.1. நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் இடுப்பெலும்பில் ஒரே ஒரு புள்ளி. அதற்கு மட்டும் மூன்று சிட்டிங் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்கிறார் டாக்டர். என் சம்பந்திக்கு இதே நோய்க்கு 33 சிட்டிங் வைத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் மூன்று? முற்றிப்போய்விட்டது, ஒப்புக்கு வைக்கிறார்களோ? வீட்டில் கேட்டால் அழுவார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

பதில் (கதிர்வீச்சு டெக்னீஷியன்):
ஐயா, சிட்டிங்கை டிக்கெட் மாதிரி எண்ணாதீர்கள். சம்பந்திக்கு அநேகமாகப் புராஸ்டேட் இருந்த இடம் முழுக்க வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே மூத்திரப்பை, மலக்குடல். அவை தாங்க வேண்டுமே. அதனால் நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 33 நாளில் 66. உங்களுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிகிறது. ஒரே சிட்டிங்கில் 10 கிரேகூட வைப்பார்கள், அதாவது ஐந்து மடங்கு. குறிபார்த்து, அதிக அளவில், சில சிட்டிங்கிலேயே வைக்கும் இதைத்தான் எஸ்.பி.ஆர்.டி. என்பார்கள். ஒப்புக்கு வைக்கிற சமாச்சாரம் இல்லை. அசையாமல் படுப்பதுதான் உங்கள் வேலை. தும்மல் வந்தால் கையைத் தூக்காமல் குரல் கொடுங்கள். மைக்கில் கேட்கும், நிறுத்திவிடுவோம்.

பதில் (மதுரை அக்கா):
அண்ணா, என் வீட்டுக்காரருக்கு 2022-ல் நெறிக்கட்டி ஒன்றில் இதே மாதிரி வைத்தார்கள். மூன்றாவது சிட்டிங் முடித்துப் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தோம். ஒரு வாரம் அசதி, அவ்வளவுதான். ஆனால் பி.எஸ்.ஏ. இறங்க மூன்று மாதம் ஆனது, அதுவரை எனக்குத்தான் ஜுரம். ஒன்றரை வருடம் கழித்து வேறு இடத்தில் புள்ளி வந்தது, மறுபடி வைத்தார்கள். வேரோடு போய்விடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊசி தள்ளிப்போனதே பெரிய விஷயம். அதைப் போட்டால் வருகிற உடம்புச் சூடும் எலும்புத் தேய்மானமும் கொஞ்சமா? பெல்ஜியத்தில் 62 பேரை வைத்து நடந்த ஸ்டோம்ப் ஆய்வை டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். புள்ளிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தவர்களில் பாதிப் பேர் 21 மாதம் ஊசியில்லாமல் இருந்தார்களாம். சும்மா கவனித்து வந்தவர்களுக்கு அது 13 மாதம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி தம்பி, தங்கச்சி. திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்துக் குறி போடப் போகிறேன். சம்பந்தியிடம் சொன்னேன். “அப்போ எனக்கு 30 சிட்டிங் வீணா?” என்று பிடித்துக்கொண்டார். அவரையும் இங்கே வரச் சொல்லட்டுமா?