‘இடப்பெயர்ச்சி’ போதாது: படியெடுத்தல் காரணிகளுக்கு என் பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

படியெடுத்தல் காரணிகள், அதாவது மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்கள், செல்லின் உட்கருவுக்குள் போவதை ஆங்கிலத்தில் ட்ரான்ஸ்லொகேஷன் என்பார்கள். அதற்குத் தமிழில் ‘இடப்பெயர்ச்சி’ போதும், அவை செயல்படத் தொடங்குவதையும் அதிலேயே அடக்கிவிடலாம் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

நான் சிங்கப்பூரில் மருந்தாளர். சிறுநீரக மாற்று செய்துகொண்ட நம் பெரியவர்களிடம், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைக் கொடுத்தால், “இது உள்ள போய் என்னம்மா செய்யுது?” என்று கேட்பார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம்.

அந்த மருந்து கடைசியில் முடக்குவது என்ஃபாட் என்ற படியெடுத்தல் காரணியை. ஓய்வில் இருக்கும் டி செல்லில் (நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) அது பாஸ்பேட்டுகள் ஒட்டிய நிலையில், உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே கிடக்கும். உட்கருவுக்குள் போக வேண்டிய குறி அதன் உடம்பிலேயே உண்டு, ஆனால் மூடியிருக்கும். அந்நியத் திசுவைக் கண்டு டி செல் தூண்டப்பட்டால் கால்சியம் ஏறும், கால்சினியூரின் என்ற நொதி விழித்துக்கொண்டு பாஸ்பேட்டுகளைக் கழற்றும், குறி வெளிப்படும், என்ஃபாட் உள்ளே போகும். டாக்ரோலிமஸ் எஃப்கேபிபி-12 என்ற புரதத்தோடு சேர்ந்து கால்சினியூரினைத் தடுத்துவிடுகிறது. என்ஃபாட் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

சரி, உள்ளே போனதும் வேலை முடிந்ததா? இல்லை. டி செல்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தின் மரபணுவை முழுவீச்சில் இயக்க, ஏபி-1 என்ற இன்னொரு படியெடுத்தல் காரணி துணைக்கு வேண்டும். அது இல்லாமல் என்ஃபாட் மட்டும் உள்ளே இருந்தால் டி செல் மந்தமாகிவிடும். கால்சியம் இறங்கினால் வேறு நொதிகள் மறுபடி பாஸ்பேட் ஒட்டி, வெளியே அனுப்பிவிடும்.

ஆகவே போவதும் வருவதும் ஒரு சங்கதி, செயல்படுவது இன்னொன்று. முதலாவதுக்கு ‘உட்கருப் போக்குவரத்து’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இரு திசையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘பெயர்ச்சி’ ஒருமுறை போய் அங்கேயே தங்குவதைப் போல ஒலிக்கிறது. திசையைப் பிரித்துச் சொல்ல ‘உட்கரு நுழைவு’, ‘உட்கரு வெளியேற்றம்’. மூடிக்கிடக்கும் அந்தக் குறி ‘நுழைவுக்குறி’. கருவுக்குள் புகுவது என்ற பொருளில் ஒரு நண்பர் சொன்ன ‘கருப்புகல்’ அழகுதான், ஆனால் அச்சில் கருப்புக் கல் என்று படித்துவிடுவார்கள். இரண்டாவதுக்குச் ‘செயலூக்கம்’ போதும்.

நொதிகள் பாஸ்பேட்டை ஒட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ‘பாஸ்பேட்டேற்றம்’, ‘பாஸ்பேட்நீக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். முதல் சொல் வாயில் தடுக்குகிறது. யாரிடமாவது இதைவிட நல்லது இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.