அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ்ல ஜாஸ் இசை இன்னும் உயிரோட இருக்கா? கத்ரினா புயலுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாத்தவங்க சொல்லுங்க

மிருதங்கப்பித்தன்:

வணக்கம் மக்களே. நான் ஜாஸ் பக்கம் வந்ததே டிரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் கேட்டுத்தான். அவர்கிட்ட இருந்து பின்னாடி போனா ஜெல்லி ரோல் மார்ட்டன், சிட்னி பெஷே, இந்தப் பக்கம் வந்தா புரொஃபசர் லாங்ஹேர், ஃபேட்ஸ் டாமினோ, ஆலன் டூசான், சர்ச் பாட்டு பாடுற மஹேலியா ஜாக்சன் கூட அந்த ஊர்க்காரங்கதான், எப்படிச் சுத்தினாலும் நியூ ஆர்லியன்ஸ்லயே வந்து நிக்குது. 2000 கணக்கெடுப்புல மொத்தமே 4,84,674 பேர் இருந்த ஊரு. அவ்ளோ சின்ன ஊர்ல இருந்து இவ்ளோ பேர் வந்தாங்கன்னு நெனச்சாலே பிரமிப்பா இருக்கு.

2005 ஆகஸ்ட் 29ல கத்ரினா வந்தப்ப நான் ஸ்கூல் பையன், டிவில பாத்தது லேசாதான் ஞாபகம். இப்ப அந்த ஊரு பாட்டெல்லாம் மனசுல ஏறினப்புறம் பழைய ஃபுட்டேஜ் போட்டுப் பாத்தா தாங்க முடியல. ஊர்ல 80 சதவீதம் தண்ணிக்குள்ள, கூரை மேல ஏறி உக்காந்து ஹெலிகாப்டருக்குக் கை காட்டுற சனங்க, சனங்க ஒதுங்கின சூப்பர்டோம் ஸ்டேடியம் வாசல்ல வெயில்ல கெடக்குற கூட்டம். ஃபேட்ஸ் டாமினோவையே காணோம்னு ஆகி, செத்துட்டாருன்னு நெனச்சு அவர் வீட்டுச் சுவத்துலயே யாரோ ஸ்ப்ரே பெயிண்ட்ல அஞ்சலி எழுதிட்டுப் போயிருக்காங்க. அப்ப அவருக்கு 77 வயசு, பொண்டாட்டிக்கு உடம்பு முடியலன்னு ஊரை விட்டுப் போகாம இருந்த மனுஷன். நல்லவேளை படகு போய் காப்பாத்திடுச்சு.

அமெரிக்கால இருக்கிற நண்பன் ஒருத்தன்கிட்ட இதெல்லாம் பேசினா, "பிரெஞ்ச் குவார்ட்டர்ல தண்ணியே பெருசா ஏறல, பிரிசர்வேஷன் ஹால்ல கச்சேரி நடக்குது, பிரெஞ்ச்மென் ஸ்ட்ரீட்ல தினம் ராத்திரி பேண்டு, வருஷா வருஷம் ஜாஸ் ஃபெஸ்ட், எதுக்குடா இப்ப போய் துக்கம் கொண்டாடுற"ன்னு கேக்குறான். அவன் சொல்றதும் நெஜம்தானே. அப்ப நான் எதை நெனச்சு வருத்தப்படுறேன்? அங்க நெஜமாவே ஏதாவது போயிடுச்சா, இல்ல ரெக்கார்டு கேட்டுக் கேட்டு நானா ஒரு ஊரைக் கட்டி வெச்சிருக்கேனா? அங்க இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அடுத்த வருஷம் ஒரு தடவை போகணும்னு பிளான் இருக்கு.

---

ஆத்தங்கரைவாசி:

தம்பி, புயல் வந்தப்ப நான் அங்கதான் பிஎச்டி பண்ணிட்டு இருந்தேன். சனிக்கிழமையே ஒருத்தர் கார்ல தொத்திக்கிட்டு பேட்டன் ரூஜ் போயிட்டேன், கார் இல்லாதவங்க, போக எடமில்லாதவங்க, படுக்கையில கெடந்தவங்க எல்லாம் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க.

உங்க நண்பர் சொல்றது பொய்யில்ல, ஆனா அவர் பாக்கறது கச்சேரி நடக்குற எடம். வாசிக்கிறவங்க குடியிருந்த எடம் வேற. 1718ல பிரெஞ்சுக்காரங்க ஆத்தோரமா மேட்டுல ஊரைக் கட்டினாங்க, மிசிசிப்பி வண்டல் போட்டுப் போட்டு ஒசந்த கரை அது, அதான் பிரெஞ்ச் குவார்ட்டர். அதுக்குப் பின்னால ஏரி வரைக்கும் முன்ன வெறும் சதுப்பு. 20ம் நூற்றாண்டுல பெரிய பம்பு வெச்சு தண்ணிய எறச்சு அங்க வீடு கட்டினாங்க, எறைக்க எறைக்க மண்ணு காஞ்சு அமுங்கி பாதி ஊரு கடல் மட்டத்துக்குக் கீழ போயிடுச்சு. ஜென்டில்லி, செவன்த் வார்டு, லோயர் நைன்த் வார்டு, ட்ரெமேல ஒரு பகுதி, டிரம்பெட் டிராம்போன் வாசிக்கிற குடும்பங்க ஏகப்பட்ட பேர் இங்கதான் இருந்தாங்க.

இன்னொண்ணு, எல்லாரும் புயல் அழிச்சதுன்னே சொல்றாங்க, எனக்கு இன்னிக்கும் அதுல கோவம் வரும். கத்ரினா கரைக்கு வரும்போது பலத்துல மூணாம் வகைக்கு எறங்கிடுச்சு (அஞ்சுதான் உச்சம்), புயலோட கண்ணு ஊருக்குக் கிழக்கால போச்சு. 17ம் தெரு கால்வாயிலயும் லண்டன் அவென்யூ கால்வாயிலயும் தண்ணி வெள்ளத்தடுப்புச் சுவத்து உச்சிய எட்டுறதுக்கு முன்னாடியே சுவர் சரிஞ்சது, அடியில இருந்த மண்ணு புடிச்சு நிக்கல. கட்டினது அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு, டிசைன் சரியில்லன்னு 2006ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இண்டஸ்ட்ரியல் கால்வாய் ஒடஞ்ச எடத்துல லோயர் நைன்த் வார்டு வீடுங்க அஸ்திவாரத்த விட்டுப் பேந்து அடுத்த தெருவுல போய் கெடந்துச்சு. ஒழுங்கா கட்டியிருந்தா ஊர்ல பெரும்பகுதி தப்பிச்சிருக்கும்.

இசை எப்படி அந்தத் தெருவோட பின்னிக் கெடந்ததுன்னு சொன்னாத்தான் போனது என்னன்னு புரியும். கறுப்பின மக்களுக்கு எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் குடுக்காத காலத்துல தெருவுக்குத் தெரு சங்கம் வெச்சு காசு சேத்தாங்க, சீக்கு வந்தா வைத்தியச் செலவு, செத்தா அடக்கச் செலவு, கூடவே பேண்டு. அந்தச் சங்கங்க இன்னிக்கும் இருக்கு, வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு சங்கமும் தெருவுல ஊர்வலம் போகும், பின்னாடியே ஊரு சனம் ஆடிக்கிட்டு வரும், அதைத்தான் செகண்ட் லைன்னு சொல்வாங்க. சாவுக்கும் அப்படித்தான். கல்லறைக்குப் போற வரைக்கும் மெதுவா, நெஞ்ச அறுக்குற மாதிரி வாசிச்சுக்கிட்டுப் போவாங்க. உடம்ப வழியனுப்பி வெச்சப்புறம் டிரம்காரர் ஒரு உருட்டு உருட்டுவாரு பாருங்க, அடுத்த நிமிஷம் குடையும் கைக்குட்டையும் மேல பறக்க மொத்தத் தெருவும் ஆடும். நம்மூர்ல வயசாளி செத்தா பறை அடிச்சு ஆடிக்கிட்டே கொண்டு போவோமே, அந்த வெறி, அந்த அழுகை, ரெண்டும் சேந்தே இருக்கும். பக்கத்து வீட்டுப் பொடியன் அந்தக் கூட்டத்துல கூடவே நடந்துதான் தாளம் கத்துக்குவான், வேற கிளாஸ் எல்லாம் அப்புறம்.

2006 ஆரம்பத்துல திரும்பிப் போய் ஒரு சர்ச் குழுவோட வீடு சுத்தம் பண்ணப் போனேன். ஒவ்வொரு வீட்டு முகப்புலயும் தேடிப் பாத்த மீட்புக் குழு ஸ்ப்ரே பெயிண்ட்ல போட்ட பெரிய பெருக்கல் குறி, மேல தேதி, கீழ வீட்டுக்குள்ள கெடைச்சது எத்தனை பேர்னு எண்ணிக்கை. சைபர்னு இருந்தா மூச்சு விட்டுக்கிட்டு உள்ள போவோம். ஜென்டில்லில ஒரு வீடு, சுவத்துல நெஞ்சு ஒசரத்துக்கு பழுப்பா ஒரு கோடு, அதுக்கு மேல கூரை வரைக்கும் கருப்புப் பூஞ்சை. கூடத்துல ஒரு பியானோ மல்லாந்து கெடந்துச்சு, தண்ணி அதைத் தூக்கிப் புரட்டிப் போட்டிருக்கு. கட்டைங்க ஊறி உப்பி ஒண்ணோட ஒண்ணு நெரிஞ்சு போய் ஒரு கட்டைய கூட அழுத்த முடியல. நாலு பேரு சேந்து தூக்கினா அடிப்பலகை கையோட கழண்டு வந்துச்சு. வீட்டுக்கார அம்மா அம்பது வருஷமா அக்கம்பக்கத்துப் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்த பியானோ. இன்சூரன்ஸ்காரன் காத்துல போனதுக்குத்தான் காசு, வெள்ளத்துக்குக் கிடையாதுன்னுட்டான். அவங்க பொண்ணு வீட்டோட அட்லாண்டா போயிட்டாங்க, திரும்பி வரவே இல்ல. அப்படி ஒரு தெருவுக்கு எத்தனை வீடுன்னு நெனச்சுக்கோங்க. போனது அதுதான் தம்பி, நீங்க வருத்தப்படுறதுல அர்த்தம் இருக்கு.

---

ஹூஸ்டன் மீனா:

அண்ணா எழுதினத படிச்சு அழுதுட்டேன். ஆனா ஒரு விஷயம் சேத்துச் சொல்லணும், தண்ணி வடிஞ்சப்புறம் நடந்தது தண்ணியவிட மோசம்.

சூப்பர்டோம்ல இருந்தவங்கள பஸ்ல ஏத்தி இங்க ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்துக்குத்தான் கொண்டு வந்தாங்க. நாங்க தமிழ்க் குடும்பங்க கொஞ்சம் பேர் சோப்பு, துணி, சாப்பாடுன்னு எடுத்துட்டுப் போனோம். வரிசை வரிசையா கட்டில், நடுவுல ஒரு பெரியவர் டிரம்பெட் பெட்டிய மட்டும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, வேற ஒண்ணுமே கொண்டு வரல. எப்ப ஊருக்குப் போலாம்னு எல்லாரையும் அதையே கேட்டுக்கிட்டிருந்தாரு.

போக வழியில்லாம பண்ணிட்டாங்க. அரசாங்கக் குடியிருப்பு, நாலு பெரிய வளாகம், கிட்டத்தட்ட 4,500 வீடு, அதுல நெறைய கட்டடம் செங்கல் கட்டடம், நல்லா நின்னுச்சு. இடிக்கலாம்னு 2007 டிசம்பர்ல நகர சபை ஓட்டுப் போட்டுச்சு. வீடு திருப்பிக் கட்ட மாநிலம் குடுத்த உதவித்தொகைய புயலுக்கு முன்னாடி வீட்டோட சந்தை விலை எவ்வளவோ அத வெச்சு கணக்குப் போட்டாங்க, கறுப்பினத்தவர் தெருவுல வீட்டு விலை எப்பவுமே கம்மி, அதனால கட்டுற செலவு ஒண்ணா இருந்தும் அவங்களுக்கு வந்தது கம்மி. 2010 கணக்கெடுப்புல ஊரு 3,43,829க்கு எறங்கிடுச்சு. கறுப்பின மக்கள்ல மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல கொறஞ்சிருக்காங்க. செத்தவங்களுக்கு ஊர்வலம் வெச்சு அனுப்புவாங்க, உயிரோட இங்கயும் அட்லாண்டாலயும் தங்கிப்போனவங்களுக்கு யாரு வெப்பா?

---

டொரன்டோ சாக்ஸ்:

நான் இஞ்ச கனடாவில சாக்சபோன் வாசிக்கிற ஆள், அந்த ஊருக்கு 2009இல முதல் போனனான். சனங்களைப் பற்றி மேல ரெண்டு பேரும் நல்லா எழுதிப்போட்டினம், நான் அழிஞ்சுபோன பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன், ஏனெண்டால் அதைக் கதைக்கிற ஆக்கள் குறைவு.

மைக்கேல் வைட் எண்டு ஒரு கிளாரினெட் வித்துவான், சேவியர் யூனிவர்சிட்டியில பேராசிரியர். அவற்ற வீடு லண்டன் அவென்யூ கால்வாய்க்குக் கிட்ட. ஆயிரக்கணக்கான புத்தகம், ரெக்கார்டு, கையெழுத்து நோட்டேஷன், முதல் தலைமுறை ஜாஸ்காரர் வாசிச்ச வாத்தியங்களிண்ட பாகங்கள், ஐம்பதுக்கு மேற்பட்ட பழைய கிளாரினெட். எல்லாம் கிழமைக்கணக்கா தண்ணிக்குள்ள. கிளாரினெட் மரம் எல்லோ, ஊறினால் வெடிச்சுப் போடும், உலோகப் பாகமெல்லாம் பச்சை பிடிச்சுக் கழண்டு போடும். 20ஆம் நூற்றாண்டிண்ட தொடக்கத்தில ரெக்கார்டு பண்ணாமல் செத்துப்போன ஆக்களைப் பற்றின தடயம் அதுகளுக்குள்ளதான் கிடந்தது. அதை இனி ஆரும் திரும்ப எடுக்கேலாது.

ஃபேட்ஸ் டாமினோவிண்ட பியானோவும் தண்ணிக்குள்ள போனதுதான். அவற்ற வெள்ளை ஸ்டெய்ன்வேயை கன செலவழிச்சு திருத்தி மியூசியத்தில வைச்சிருக்கினம். பாக்க வடிவா இருக்கு, ஆனால் எனக்கு அதுக்கு முன்னால நிக்கேலாமல் போச்சு.

ஆனால் மீனா அக்கா, ஆரும் திரும்பி வரேல்லை எண்டும் சொல்லேலாது. 2006 மார்டி கிரா திருவிழாவுக்கு மூண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள், செயின்ட் அகஸ்டின், செயின்ட் மேரிஸ், சேவியர் பிரெப், தனித்தனி பேண்டுக்கு ஆள் காணாதெண்டு ஒண்டாச் சேர்ந்து ஒரே பேண்டா நடந்தவை. அப்பர் நைன்த் வார்டில அந்த ஊர் இசைக்காரர் ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்போர்ட் மார்சாலிசும் முன்னுக்கு நிண்டு இசைக்காரருக்கெண்டு 72 வீடு கட்டுவிச்சவை, நடுவில எலிஸ் மார்சாலிஸ் பேரில இசை நிலையம். காணாதுதான், ஆனால் அந்த வீடுகளில இருந்து பின்னேரத்தில பிராக்டிஸ் சத்தம் கேக்கும்.

---

மிருதங்கப்பித்தன்:

என்ன சொல்றதுன்னே தெரியல. மீனா அக்கா, அந்த டிரம்பெட் பெரியவர் கண்ணு முன்னாடியே நிக்குறாரு. அண்ணா, ஒரு கேள்வி: இப்ப டூரிஸ்டா அங்க போய் செகண்ட் லைன்ல நடக்குறது சரியா? துக்க வீட்டுல வேடிக்கை பாக்க போன மாதிரி ஆயிடுமோன்னு தயக்கமா இருக்கு.

---

ஆத்தங்கரைவாசி:

தாராளமா போங்க, ஞாயித்துக்கிழமை சங்க ஊர்வலம் எல்லாருக்கும் பொதுதான். அடக்க ஊர்வலமா இருந்தா மட்டும் பின்னாடி தள்ளி நடங்க, குடும்பத்துக்காரங்க மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டாதீங்க.

அந்த ஊர்வலத்துக்கே அவங்க போராட வேண்டியிருந்ததையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. மார்டி கிரா இந்தியன்ஸ்னு கறுப்பினக் குழுக்கள், வருஷம் பூரா கையால மணி கோத்து எறகு வெச்சு உடுப்பு தைப்பாங்க, அவங்கள்ல பெரிய தலைவர் டூட்டி மொன்டானா. போலீஸ் தன் ஆளுங்கள நடத்துற விதத்தப் பத்தி நகர சபையில நின்னு பேசிக்கிட்டே இருந்தவர் அங்கேயே சரிஞ்சு விழுந்து செத்தாரு, 2005 ஜூன்ல, புயலுக்கு ரெண்டே மாசம் முன்ன. 82 வயசு. அப்புறம் 2007 அக்டோபர்ல டூபாக்காரர் கெர்வின் ஜேம்ஸ் செத்ததுக்கு ட்ரெமே தெருவுல வழக்கம்போல வாசிச்சுக்கிட்டுப் போனாங்க, சத்தம்னு யாரோ புகார் குடுத்து போலீஸ் வந்து ரெண்டு இசைக்காரங்கள கைது பண்ணிட்டுப் போச்சு. நூறு வருஷத்துக்கு மேல அடக்கத்துக்கு வாசிச்ச தெரு அது. மறுநாளும் கூட்டமா வந்து ஊர்வலம் போனாங்க.

அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் டெரிக் டாப், ரீபெர்த் பிராஸ் பேண்டுல ஸ்னேர் டிரம். அதே வருஷம் அவரு ரூட்ஸ் ஆஃப் மியூசிக்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, ஸ்கூல்ல பேண்டு இல்லாம போன புள்ளைங்களுக்கு சாயங்காலம் வாத்தியம், பாடம், சாப்பாடு, வீட்டுக்கு பஸ், எல்லாம் இலவசம். மார்டி கிரால அந்தப் புள்ளைங்க வாசிச்சுக்கிட்டு வரும்போது பாருங்க.

பழைய கட்டடம் பாக்கணும்னு இருந்தா சீக்கிரம் போறது நல்லது. ஆம்ஸ்ட்ராங் சின்னப் பையனா இருக்கும்போது வேல பாத்த கார்னாஃப்ஸ்கி குடும்பத்துக் கடை சவுத் ராம்பார்ட் ஸ்ட்ரீட்ல நூறு வருஷமா நின்னுக்கிட்டிருந்துச்சு, 2021 ஆகஸ்ட் 29ல ஐடா புயல் வந்தப்ப இடிஞ்சு விழுந்துருச்சு. கத்ரினா வந்த அதே தேதி. கத்ரினாவுக்கு அப்புறம் கட்டின புதுக் கரைங்க அந்தத் தடவை தாங்கிடுச்சு, கரண்டுதான் ஊரு பூராவும் போச்சு.

ஜூலை ஆகஸ்ட்ல போகாதீங்க, வெயில்ல ஊர்வலம் கெடையாது. மத்த மாசம்னா டபிள்யூ டபிள்யூ ஓ இஸட் ரேடியோ சைட்ல அந்த வார ஊர்வலம் எந்தத் தெருவுல கெளம்புதுன்னு போடுவாங்க. சில்லறையா டாலர் எடுத்துட்டுப் போங்க, ஓரத்துல பாட்டில் தண்ணியும் கோழியும் விக்கிறவங்க அந்தத் தெருக்காரங்கதான், அவங்ககிட்ட வாங்குங்க. பேண்டுக்கும் பணம் போடுங்க. காங்கோ ஸ்கொயர்னு ஒரு பழைய சதுக்கம், அங்க இருந்து ட்ரெமேக்குள்ள நடந்து போயிடலாம், பத்து நிமிஷம்தான். போற தேதி முடிவாச்சுன்னா இங்க எழுதுங்க, ஜென்டில்லிக்குத் திரும்பி வந்த குடும்பம் ஒண்ணு எனக்குத் தெரியும், அவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்.