வெளிநாட்டில் ஆள் வைத்த கதைகள், வெளிநாட்டுக்காரரிடம் வேலை பார்த்த கதைகள்

ஓசூர் பூக்கூடை:

எங்கள் பக்கம் இப்போது யாரைத் தொட்டாலும் வெளிநாட்டோடு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பர்கூர்ப் பக்கம் கிரானைட், கிருஷ்ணகிரியில் மாங்கூழ், ஓசூரில் ரோஜா, மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். சரக்கு அனுப்பும் விதி எல்லாருக்கும் அத்துபடி. அங்கே ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் என்ன சட்டம் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. நான் பட்டதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், கம்பெனிப் பெயர் வேண்டாம்.

நான் ஒரு ரோஜாத் தோட்டத்தில் ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவன். பெங்களூரு விமான நிலையம் வரை பூ எங்கள் கண்ணெதிரே இருக்கும். அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று யாருக்குத் தெரியும்? நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் ஏலச் சந்தையில் விலை மேலேயிருந்து கீழே இறங்கும். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்குச் சரக்கு. நம் ஊர் ஏலத்துக்கு நேர் தலைகீழ். மொட்டில் சாம்பல் பூசணம் வந்திருக்கிறது என்று சொல்லி விலையை அடித்தால், எதிர்த்துப் பேச அங்கே நமக்கென்று ஒருவரும் இல்லை. ஒரு ஆளை வைத்துவிடலாம் என்றார் முதலாளி. தெரிந்தவர் மூலமாக அந்த ஊர்ப் பெண் ஒருவரே கிடைத்தார். பூ வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

நான் செய்த கூத்து இதுதான். இங்கே சூப்பர்வைசருக்குக் கொடுக்கும் வேலை ஆணையை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். ஒரு வருட ஒப்பந்தம், அதில் ஆறு மாதம் புரொபேஷன், வழக்கென்றால் கிருஷ்ணகிரி நீதிமன்றம். அவர் மரியாதையாகத்தான் பதில் போட்டார். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு அங்கே புரொபேஷன் அதிகபட்சம் ஒரு மாதம். ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் புரொபேஷனே வைக்கக் கூடாது. அப்புறம் அந்தக் கிருஷ்ணகிரி நீதிமன்றம். காகிதத்தில் எந்த நாட்டுச் சட்டத்தை எழுதினாலும், ஒருவர் வழக்கமாக எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அந்த நாட்டுச் சட்டம் அவருக்குத் தரும் பாதுகாப்பைப் பிடுங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இதுதான் விதி. கிருஷ்ணகிரிக்கு வந்து வழக்காடச் சொல்லியிருந்தேன், பாவம்.

சேர்ந்த புதிதில்தான் இன்னொன்றும் தெரிந்தது. வருடச் சம்பளத்தில் 8 சதவீதம் விடுமுறைப் படி என்று கணக்கு வந்து நின்றது. முதலாளி, "தீபாவளி போனஸ் மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். நம் ஊரிலும் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். ஆனால் இங்கே மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்கு அந்தச் சட்டம் கிடையாது. அங்கே மேலாளருக்கும் உண்டு. அதுவரைக்கும் முதலாளி சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சிரிப்பு நின்றது பிப்ரவரியில். காதலர் தினத்துக்கு இரண்டு வாரம் முன்பு, வருடத்திலேயே எங்களுக்கு உயிர் போகும் நேரத்தில், "உடல்நிலை சரியில்லை, இன்றிலிருந்து வேலைக்கு வர இயலாது" என்று ஒரு வரி மின்னஞ்சல். "என்ன வியாதியாம்? டாக்டர் சீட்டு அனுப்பச் சொல்லப்பா" என்றார் முதலாளி. கேட்கக் கூடாது. என்ன நோய் என்று முதலாளி அங்கே கேட்கவே முடியாது. வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதைச் சொல்வது தொழில்சார் மருத்துவர். அப்படி ஒரு மருத்துவச் சேவையோடு ஒவ்வொரு முதலாளியும் ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் வைக்கவில்லை. சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதத்தை இரண்டு வருடம் வரை, அதாவது 104 வாரம், முதலாளி தர வேண்டும். ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்தால் அதோடு நம் பொறுப்பு தீரும். அங்கே உள்ள முதலாளிகள் இதற்கென்றே இன்சூரன்ஸ் எடுத்து வைக்கிறார்கள். இன்சூரன்ஸ் என்றால் எங்களுக்கு லாரி இன்சூரன்ஸ்தான் தெரியும்.

மே மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. தானாக முடிகிறதே, கடிதம் எதற்கு என்று நினைத்தேன். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தம் என்றால், நீட்டிக்கிறோமா இல்லையா என்று ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டுமாம். சொல்லாததற்கு இன்னொரு மாதச் சம்பளம். அதையும் கட்டினோம். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் நாட்டில் எல்லாருக்கும் இருப்பதைத்தான் அவர் கேட்டார். முதலாளிதான் நெதர்லாந்து என்ற பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

தொப்பூர்க் கணவாய்:

இவ்வளவு தலைவலி எதற்கு சார்? கன்சல்டன்ட் என்று போட்டு மாதாமாதம் பில் வாங்கிப் பணத்தை அனுப்பிவிட்டால் போதாதா? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

ஓசூர் பூக்கூடை:

எங்கள் ஆடிட்டரும் முதலில் அதைத்தான் சொன்னார் தம்பி. அந்த நாட்டு வரித்துறை பெயரைப் பார்ப்பதில்லை, நடப்பைப் பார்க்கிறது. நேரத்தை நீ குறிக்கிறாய், விடுப்புக்கு உன்னைக் கேட்க வேண்டும், வேறு யாருக்கும் அவர் வேலை செய்யவில்லை என்றால் அவர் உன் தொழிலாளிதான். போலிச் சுயதொழில் என்று பழைய வரியை எல்லாம் சேர்த்துப் பிடிப்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து நெதர்லாந்தில் மறுபடி கறாராகப் பார்க்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. அங்கே இருக்கும் ஆள் நம் சார்பில் விலை பேசி ஒப்பந்தம் முடித்துக்கொண்டே இருந்தால், நம் கம்பெனிக்கே அங்கே நிலையான தொழிலிடம் இருக்கிறது என்று லாபத்துக்கு வரி கேட்க வழி இருக்கிறது. அதனால்தான் விலையை உறுதி செய்வதை ஓசூரிலேயே வைத்துக்கொண்டோம்.

பென்னாகரம் மாடிவீடு:

அண்ணா, நான் எதிர்ப்பக்கத்து ஆள். நீங்கள் சொல்லும் அந்த "கன்சல்டன்ட்" நான்தான்.

ஜெர்மனியில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு மூன்று வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மதியம் ஒன்றரை முதல் இரவு பத்தரை வரை. விடுப்புக்கு மேலாளர் சம்மதம் வேண்டும். ஆனால் தாளில் நான் சுயதொழில் செய்பவள். மாதக் கடைசியில் நானே பில் போடுவேன், யூரோ வந்து சேரும். வருமானவரி ஒரு விதத்தில் லாபம்தான், மறைக்கவில்லை. தொழில்முறை வருமானம் என்று வந்ததில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். முன்வரியையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம். 20 லட்சத்தைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தேன். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான், ஆனால் எல்.யு.டி. என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் மறந்துவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

தருமபுரியில் வீட்டுக் கடன் கேட்கப் போனபோதுதான் முதல் அடி. சம்பளச் சீட்டு எங்கே, ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கு முதலாளி தரும் சான்று) எங்கே என்றார்கள். பில்லைக் காட்டினேன். "அம்மா, இது வியாபாரக் கணக்கு. மூன்று வருட ரிட்டர்ன் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார் அந்த அதிகாரி. அதே தெருவில் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்கும் பள்ளி ஆசிரியருக்கு ஒரே வாரத்தில் கடன் கிடைத்தது.

இரண்டாவது அடி, நான் கர்ப்பமானபோது. வேலையில் இருக்கும் பெண்ணுக்கு நம் சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நான் வேலையில் "இல்லையே". ஏழாம் மாதம் சொன்னேன். வாழ்த்துச் சொல்லி, ஒரு பூ படமும் போட்டு, அதே வாரத்தில் ஒப்பந்தத்தின் 30 நாள் நோட்டீஸ் விதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த நாட்டில் கர்ப்பிணி ஊழியரை நீக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். அவர்கள் ஊரில் தொடக்கூடாததை என்னிடம் 30 நாளில் முடித்தார்கள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பிள்ளைக்கு ஒரு வயது ஆன பிறகு வேறொரு வெளிநாட்டுக் கம்பெனி எடுத்தது. அவர்களுக்கும் இந்தியாவில் அலுவலகம் இல்லை. ஆனால் பெங்களூருவில் பதிவான ஒரு நிறுவனம் தாளில் எனக்கு முதலாளி. சம்பளம், பி.எஃப்., வரிப்பிடித்தம், ஃபார்ம் 16 எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள், வேலை சொல்வது மட்டும் வெளிநாட்டுக்காரர். இதற்கு இ.ஓ.ஆர். என்று பெயர். கையில் வருவது முன்பைவிடக் குறைவுதான். நேர்காணலிலேயே நான் கேட்ட ஒரே கேள்வி, "வேலை ஆணையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?" என்பது. அந்தப் பக்கத்துப் பெண் கொஞ்சம் முழித்தார்.

காவேரிப்பட்டினம் கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்து மீதியைப் பல படிகளாக (அலவன்ஸ்) பிரித்துக் காட்டும் பழைய வித்தை இனி ஓடாது. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிச்சம் சம்பளத்தோடு சேர்ந்துவிடும், கிராஜுவிட்டி (பணிக்கொடை) அதன்மேல்தான். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. இ.ஓ.ஆர். மூலமாக வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள்.

பாலக்கோடு தக்காளி:

துபாய்க் கதை ஒன்று, சின்னது. எங்கள் மாமா மகன் மாங்கூழ் விற்க ஒரு கம்பெனி சார்பில் போனான். போனது விசிட் விசாவில். "ரெண்டு மாசம் பாரு மச்சான், ஆர்டர் வந்தா விசா மாத்திடலாம்" என்று இங்கேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். விசிட் விசாவில் ஆளை வேலை வாங்கினால் அங்கே அபராதம் ஒரு லட்சம் திர்ஹாமிலிருந்து பத்து லட்சம் வரை. 2024இல் சட்டத்தையே திருத்திக் கூட்டியிருக்கிறார்கள். நல்லவேளை, அங்கே பழகிய மலையாளி ஒருவர் அடுத்த வாரமே கிளம்பச் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு அங்கே உரிமம் உள்ள ஒருவரிடமே முறையான விசாவில் சேர்ந்தான். விசாச் செலவை அவன் சம்பளத்தில் பிடிக்கப் பார்த்தார்கள், அதுவும் சட்டப்படி கூடாது. இப்போது ஆறு வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்கு மேல் 30 நாள் என்று பணிக்கொடை ஏறுகிறது. எல்லாம் அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும். இவனுடைய அடிப்படை மொத்தத்தில் நாற்பது சதவீதம். கையெழுத்துப் போடும்போது அந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை.

மத்திகிரி வீட்டுக்காரர்:

நான் கம்பெனிக்காரன் இல்லை, வீட்டை வாடகைக்கு விட்டவன். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தைவான் பொறியாளருக்கு என் மாடியை எடுத்தது. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாம் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் அவருக்கு 14 நாளில் பதிவு, மாவட்டத்தில் அது எஸ்.பி. அலுவலக வேலை. கம்பெனி மனிதவளத் தம்பிதான் அவரைக் கிருஷ்ணகிரிக்கு இழுத்துக்கொண்டு அலைந்தான்.

அந்தத் தம்பி ஒருநாள் என் திண்ணையில் உட்கார்ந்து புலம்பியதைச் சொல்கிறேன். வேலை விசாவுக்கு வருடம் 16.25 லட்சம் சம்பளமாவது இருக்க வேண்டுமாம். (சொந்த நாட்டுச் சமையல்காரர் போன்ற சிலருக்கு விலக்கு. நம் அரசாங்கத்துக்கு நாக்கின் அருமை தெரிந்திருக்கிறது.) அது பிரச்சினை இல்லை. பி.எஃப்.தான் பிரச்சினை. நம் ஆளுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் உள்ளதற்குக் கட்டாயம் இல்லை. வெளிநாட்டவருக்கு அந்த உச்சவரம்பே கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் 12 சதவீதம். ஜப்பான், கொரியா, ஜெர்மனி போன்ற நாடுகளோடு நமக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அங்கிருந்து அனுப்பப்பட்டவர் தன் நாட்டுச் சான்றிதழைக் கொண்டுவந்தால் இங்கே கட்ட வேண்டாம். தைவானோடு ஒப்பந்தம் இல்லை. கட்டியதை எப்போது எடுக்கலாம் என்று அந்தப் பொறியாளர் கேட்டிருக்கிறார். 58 வயதில் என்றிருக்கிறான் தம்பி. அவருக்கு 31. "அதுவரை நான் மத்திகிரியிலேயே இருக்க வேண்டுமா?" என்று நிஜமாகவே கேட்டாராம்.

இதில் வேடிக்கை, 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் வெளிநாட்டவருக்கான அந்தத் தனி விதியே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பி.எஃப். துறை அதை ஏற்கவில்லை. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். "அந்தப் பக்கம் வீடு எடுத்துத் தந்தால் போதுமா சார்?" என்று என்னைக் கேட்கிறான். கம்பெனி இந்தப் பக்கம் இருக்கிறதே தம்பி என்றேன்.

தொப்பூர்க் கணவாய்:

பூக்கூடை சார், அப்படியானால் இப்போது ஆல்ஸ்மீரில் யார் பூவைப் பார்க்கிறார்கள்?

ஓசூர் பூக்கூடை:

அங்கே உள்ள ஒரு பேரோல் நிறுவனம் (தாளில் அவர்கள்தான் முதலாளி) மூலமாக வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் வருகிறார். மருத்துவர், இன்சூரன்ஸ், விடுமுறைப் படி எல்லாம் அவர்கள் பில்லிலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. முதலாளி அந்தத் தொகையைப் பார்த்து மாதம் ஒருமுறை பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

அந்தப் பழைய பெண் உடம்பு தேறி இப்போது வேறொரு நாட்டுத் தோட்டத்துக்கு வேலை பார்க்கிறார். எங்கள் பெட்டி கண்ணில் பட்டால் இன்னமும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார், கழுத்து வளைந்திருக்கிறது, பெட்டியில் ஈரம் இருக்கிறது என்று ஒரு குறிப்போடு. முதலாளியிடம் நான் சொல்லவில்லை. இதற்கும் 8 சதவீதம் உண்டா என்று கேட்பார்.